காதிரைச்சலும் நாற்பத்தொரு நாள் குறிப்பும்

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆய்வுப் படிவத்தில் நான் எழுதிய எண் நான்கு. அதே நாள் காலை ஐந்தேகால் மணிக்கு என் நாட்குறிப்பில் எழுதியிருந்தது ஏழு. இரண்டையும் ஒரே பேனாவால்தான் எழுதினேன். என்னைவிட அதிகமாக அவதிப்பட்ட ஒரு மனிதர், அந்த நான்கினால் கிடைக்கவேண்டிய சிகிச்சையை இழக்கப் பார்த்தார். அது நடந்த விதத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலை என் பொறுப்பில் இருக்கிறது. வயது ஐம்பத்திரண்டு. இடது காதில் சத்தம் தொடங்கி ஆறு வருடமாகிறது. வெளியே எல்லாம் அடங்கியிருக்கும்போதும் காதுக்குள் ஓயாமல் கேட்கும் சத்தம் அது. டொக்டர்மார் இதை டினிட்டஸ் என்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. வாடிய கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர்களுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு வருவதால், "காதுல ரோலர் ஓடுது" என்பார்கள். என்னுடையது ரோலர் சத்தம் போன்றதல்ல. குக்கர் விசிலடிப்பதற்குச் சற்று முன் வரும் சீறலைப் போன்றது. ஆனால் அந்த விசில் வருவதே இல்லை.

எழுந்தவுடன், யாரோடும் பேசுவதற்கு முன்னால், சத்தத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுவேன். பக்கத்தில் தூங்கிய மணித்தியாலங்கள், முந்தின நாள் குடித்த தேநீர், எடுத்த மருந்து, மழையா வெயிலா என்பதும் இருக்கும். மனைவிக்கு இது பிடிக்காது.

"பொஞ்சாதி எழும்பிட்டாளா, இருக்காளான்னு பாக்கமாட்டீங்க. காது எழும்பிருச்சான்னு மொதல்ல பாப்பீங்க."

அவள் சொல்வதில் பிழையில்லை. இரத்தோட்டைக் குளிரில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுக்கும் கணவனுக்குப் பக்கத்தில், சுவெட்டரும் காலுக்கு மேஸும் மாட்டிக்கொண்டு ஆறு வருடம் தூங்கியவள் அவள். விசிறியின் சத்தம் இருந்தால்தான் என் காதின் சத்தம் கொஞ்சம் மங்கும்.

மருந்து தேடாமல் இல்லை. கண்டியில் ஒரு காது டொக்டர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக லைட் அடித்துப் பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்கு விற்றமின் எழுதினார். மூன்று மாதமும் ஒரு குளிசை தவறாமல் போட்டேன். எண் மாறவில்லை. அடுத்து யட்டவத்தைப் பக்கம் ஒரு சிங்கள வைத்தியர் காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டார். ஒன்பதாம் நாள் ஏழு ஐந்தாக இறங்கியது. அன்று மாலை மனைவியோடு கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். மறுநாள் குறிப்பைத் திருப்பிப் பார்த்தபோது, முந்தின இரவு முழுக்கத் தகரக் கூரையில் அடைமழை பெய்திருந்தது தெரிந்தது. மழைதான் சத்தத்தை மூடியிருக்கிறது. எண்ணெயில் என்னென்ன போடுகிறீர்கள் என்று அந்த வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்ததையும் எழுதி வைத்தேன்.

மூன்றாவது, போனில் வந்த விளம்பரம். ஏழு நாளில் சத்தம் நிற்கும் என்றது. தபாலில் வந்த சின்னப் போத்தலின் லேபல் ஓரத்தில் கொஞ்சம் கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபல், தோலில் பூசும் ஏதோ எண்ணெயின் பெயரோடு. அன்றிலிருந்து, காதுக்கு மருந்து இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவர் கையில் விற்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீமேக்கருக்குக் காது முக்கியம். பெல்ட் நழுவுவதையும், பேரிங் தேய்வதையும் வாசலில் நின்றே கண்டுபிடிக்கவேண்டும். காதுக்குள் சீறலோடு ஒருவன் அந்த வேலையைப் பார்க்கிறான் என்று தெரிந்தால், மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அது வெறும் பயமா, நடக்கக்கூடியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை.

இனி அந்த மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் இரண்டாம் ரோலரில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருடைய வேலை விடியற்காலையில் தொடங்கிப் பகல் இரண்டு மணிக்கு முடியும். மற்றவர்கள் கைகால் கழுவிக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஒரு துணிப்பையோடு, கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு ஏறுவதை ஒரு நாள் கவனித்தேன். மறுநாளும் ஏறினார்.

மாடியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் மாடியின் மறுபக்கப் படியால் இறங்கினால், தரம் பிரித்த தேயிலை வைக்கும் அறைக்குப் போகலாம். ஒரு பை, இரண்டு மணித்தியாலம், ஒரு பூட்டாத கதவு. எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. என் நாட்குறிப்பின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன்.

"ரோ. 2. பகல் 2.10க்கு ஏறினான். கையில் துணிப்பை. 4.35க்கு இறங்கினான்."

"ரோ. 2. 2.15 முதல் 4.50 வரை. பை உப்பலாக இருந்தது போல் தோன்றியது."

"ரோ. 2. 2.05 முதல் 4.40 வரை. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தான்."

இப்படி நாற்பத்தொரு நாள். தேயிலை குறைந்திருக்கிறதா என்று நிறுத்துப் பார்த்தேன். குறையவில்லை. குறையாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அவ்வளவு கவனமாக எடுக்கிறான் என்று நினைத்தேன்.

நாற்பத்தோராம் நாள் மூன்று மணிக்கு, சப்பாத்தைக் கீழே கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். கொழுந்துக்குக் காற்றுத் தள்ளும் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் இடையில் இரண்டு சாக்கை விரித்து, வலது காதை விசிறிப் பக்கம் வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. பை தலைக்குக் கீழே இல்லை, பக்கத்தில் கிடந்தது. திறந்தேன். ஒரு துவாயும் காலிச் சாப்பாட்டுப் பெட்டியும்தான். துவாயை மூக்கருகே வைத்துத் தேயிலைத் தூள் வாசனை வருகிறதா என்று பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

அவர் விழித்துப் பதறி எழுந்தார்.

"ஐயா, மன்னிச்சிருங்க. இங்க படுத்தாத்தாங்க கண்ண மூட முடியுது. வூட்ல படுத்தா காதுக்குள்ள கத்துது. ரெண்டு காதுலயும்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருசமாச்சுங்க. ராவைக்கு ஒரு மணி நேரம் தூங்குனா பெரிசு. போன மாசம் ரோலர்ல கைய குடுக்கப் பாத்தேங்க, தூக்கக் கலக்கத்துல."

எனக்கு நன்றாகப் புரிந்தது. என் வீட்டில் ஓடும் மின்விசிறிதான் அவருக்கு இந்தப் பெரிய விசிறி. ஆனால் என் காதைப் பற்றியும் சொல்லவில்லை, எதற்காக மாடிக்கு வந்தேன் என்றும் சொல்லவில்லை.

"விசிறி சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன். நீ படு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவர் நம்பினார். சப்பாத்தில்லாத என் காலை அவர் பார்க்கவில்லை.

அதற்கு மூன்று வாரத்துக்குப் பிறகு, காதிரைச்சலைப் பற்றி ஆராயும் ஒரு மருத்துவக் குழு மாத்தளை டவுனுக்கு வந்தது. இயந்திரச் சத்தத்தில் வேலை செய்கிறவர்கள் வேண்டும் என்று தோட்டத்துக்கும் அறிவித்தல் வந்தது. அந்த அறிவித்தலை எனக்குத் தந்தது தோட்டத்து ஒபிஸ் என்பது முதல் சந்தேகம். முந்தின நாள் அந்தக் குழுவின் வெள்ளை வான் வண்டி, தோட்ட மனேஜரான தொரையின் பங்களா வாசலில் முப்பத்தைந்து நிமிடம் நின்றதைப் பார்த்திருந்தேன். அது இரண்டாவது. யார் யாருக்குக் காது கெட்டிருக்கிறது என்று பட்டியல் எடுக்க, கம்பனி டொக்டர் வேஷத்தில் ஆள் அனுப்பியிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அப்படியானால் போகாமலிருந்திருக்கலாம். ஆனால் ஆறு வருடச் சத்தம் ஒரு மனிதனைப் போகவைக்கும். அதோடு இரண்டாம் ரோலர்க்காரரை அனுப்பவேண்டும் என்றும் மனதில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து அவரோடு இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, மொத்தம் ஆறு பேராக இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறினோம்.

டவுனில் ஒரு மண்டபத்தின் மாடியில் கிளினிக். டொக்டர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவராம். எங்களை உட்காரவைத்து அவர் முதலில் சொன்னதே என்னை உஷாராக்கியது.

"இதை முழுசா குணமாக்குற மருந்து இன்னும் இல்ல. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதனாலதான் இந்த ஆராய்ச்சி."

இத்தனை வருடத்தில் இல்லை என்று சொன்ன முதல் ஆள் அவர். மருந்தே இல்லாமல் இவருக்கு நாங்கள் எதற்கு என்று யோசித்தேன். அவர் விளக்கினார். முதலில் எல்லோரும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய சத்தம் ஒன்றை விடாமல் தரும் சின்னக் கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்டுவார்கள். வாரத்துக்கொரு தடவை உட்காரவைத்துப் பேசுவார்கள். பாதிப் பேருக்கு அவரவர் இரைச்சலுக்கேற்பச் சரிசெய்த சத்தம், மீதிப் பேருக்குச் சாதாரணச் சத்தம். யாருக்கு எது என்று மாட்டுகிறவருக்கும் தெரியாது, மாட்டிக்கொள்கிறவருக்கும் தெரியாது.

"அப்ப ஆருக்குத்தான் தெரியும்?" என்று கேட்டேன்.

"பூட்டி வச்சிருக்கிற ஒரு லிஸ்ட்டுக்கு" என்றார் டொக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நீள வாங்கில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். முதல் ஆளாக நான். படிவத்தின் முக்கியமான கேள்வி, உங்கள் இரைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்பது. ஏழு என்று எழுதப்போன பேனாவை நிறுத்தினேன். பங்களா வாசலில் நின்ற வான் நினைவுக்கு வந்தது. நான்கு என்று எழுதினேன். அதிகமுமில்லாத, இல்லவே இல்லை என்றும் ஆகாத எண்.

பக்கத்திலிருந்த இரண்டாம் ரோலர்க்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, எத்தன போட்டீங்க?"

"நாலு."

"சரிங்க."

நான் படிவத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கத் தொடங்கினேன். யார் பணம் கொடுக்கிறார்கள், தகவல் எங்கே போகும் என்று. வாங்கில் எனக்கு அடுத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாளில் கடிதங்கள் வந்தன. எங்கள் ஆறு பேரில் ஒருவரையும் எடுக்கவில்லை. ஆறு அல்லது அதற்கு மேல் எண் கொடுத்தவர்களை மட்டுமே இம்முறை சேர்த்துக்கொண்டோம், ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருந்தது. எனக்குக் கிடைக்காததில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டாம் ரோலர்க்காரரை எப்படி விடலாம்? அவருடைய காதுக்கு ஆறுக்குக் குறைவாக எண்ணே கிடையாது. அன்று கிளினிக்கில் என் எதிரே உட்கார்ந்திருந்த டவுன் ஹார்ட்வெயார் கடை முதலாளிக்குக் கிடைத்துவிட்டதென்று கேள்விப்பட்டேன். தோட்டத்து ஆள்களின் எண்ணிக்கையைக் காட்டிவிட்டு, கருவியை டவுன்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கத்தில் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி, அதை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை டொக்டரைப் பார்க்கப் போனேன்.

"தோட்டத்து ஆக்கள்ல ஒருத்தரையும் எடுக்கல்லயே டொக்டர். காரணம் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நானே உங்கட்ட கேக்கணும்னு இருந்தேன். தொரை ஏதாவது சொல்லி அனுப்பினாரா?"

"என்ன சொல்லி?"

"கொறச்சு எழுதுங்கன்னு. தோட்டத்துக்குப் பிரச்சினை வரும்னு."

"தொரையா? நீங்கதானே டொக்டர் அவர் பங்களாவுக்குப் போய் அரை மணி நேரம் இருந்தீங்க."

"தோட்டத்துக்குள்ள அறிவித்தல் குடுக்க அனுமதி கேட்டுப் போனோம். அனுமதி அஞ்சு நிமிசத்துல கெடச்சுது. மிச்ச நேரம் அவருட நாயப் பத்தி பேசினார்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் என் தோட்டத்தைச் சந்தேகித்திருக்கிறார். நான் அவரைச் சந்தேகித்திருக்கிறேன்.

"வேற ஆளுட படிவத்தக் காட்ட ஏலாது" என்றார். "ஆனா ஒண்டு சொல்றேன். ஒங்க தோட்டத்துல இருந்து வந்த ஆறு பேர்ல ஒருத்தர் நாலு. மத்த அஞ்சு பேரும் மூணு. அஞ்சு பேருக்கு அச்சடிச்ச மாதிரி ஒரே காது இருக்குமா?"

முறைப்பாட்டுக் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அந்த ஐந்து பேரையும் ரோலர் அறை வாசலில் நிறுத்திக் கேட்டேன். தேயிலை உலர்த்தும் ட்ரையரில் வேலை செய்கிறவர் தொடங்கினார்.

"நான் ஆறுன்னு எழுதித்தாங்க வச்சிருந்தேன். இவன்தான் முழங்கையால இடிச்சான். 'அடேய், ஐயாவே நாலு போட்டிருக்காங்க, ஒனக்கு அவங்களுக்கு மேல இரைச்சலா'ன்னு. அழிச்சிட்டேன்."

"அழிக்கச் சொன்னேன்தான், மூணுன்னு போடச் சொன்னேனா?" என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருவர்.

"நாலுக்கு நாலு போட்டா, ஐயாவுக்குச் சமமா நிக்கிற மாதிரி இருக்காதா?"

சிரிப்பு எழுந்தது. எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் தோட்டத்தில் எந்தப் பட்டியலும் அப்படித்தான். திருவிழாவுக்குப் பணம் எழுதும்போது தொரை எழுதியதைத் தாண்டி உத்தியோகத்தர்கள் நாங்கள் எழுதமாட்டோம். நாங்கள் எழுதியதைத் தாண்டித் தொழிலாளர்கள் எழுதமாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. காதுக்குள் கேட்கும் சத்தத்தையும் அதே வரிசையில் எழுதிவிட்டார்கள்.

இரண்டாம் ரோலர்க்காரர் சிரிக்கவில்லை.

"நெசமா ஒனக்கு எத்தன?" என்று கேட்டேன்.

"எட்டுங்க. சில நாளைக்கு ஒம்பது." அவரே தொடர்ந்தார்: "ஐயாவுக்கு நாலுதான்னதும் எனக்குக் கொஞ்சம் வெக்கமாப் போச்சுங்க. நாலுக்கே அவங்க கிளினிக் வரைக்கும் வந்திருக்காங்க, நாம எட்டுன்னு சொன்னா கூட்டிச் சொல்றான், வேலைக்குக் கள்ளம்னு நெனப்பாங்கன்னு."

என்னுடையது ஏழு என்று அவர்கள் முன்னால் அப்போதுதான் சொன்னேன். ட்ரையர்க்காரர் "அடக் கடவுளே" என்றார்.

டொக்டருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

"ஒங்கள நான் சேர்க்க ஏலாது" என்றார். "ஒங்க பதில் எதையும் இனி நம்ப ஏலாதுதானே. மத்தவங்கள தனித்தனியா கூப்பிட்டுக் கேக்கலாம். ஆனா கடிதத்துல ஆறுன்னு போட்டுட்டோம். இப்ப வந்து எட்டுன்னு சொன்னா, கடிதத்தப் பாத்துட்டுச் சொல்றார்ன்னுதான் எங்க குழுவுல கேப்பாங்க. இதெல்லாம் நடக்க முன்னுக்கு எழுதின ஏதாவது இருக்கா? தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு?"

மற்ற நாலு பேருக்கும் வீட்டில் தூக்கம் வந்தது. அவசரம் இரண்டாம் ரோலர்க்காரருக்குத்தான். அவர் டிஸ்பென்சரிப் பக்கம் போனதே இல்லை. காது வலிக்கிறது என்று கூட யாரிடமும் சொன்னதில்லை. எழுத்தில் அவரைப் பற்றி உலகத்தில் இருந்தது ஒன்றுதான். நாற்பத்தொரு நாள், நேரத்தோடு, அவர் தூக்கத்துக்காக விசிறியடிக்குப் போனதும் வந்ததும். கிளினிக்குக்கு மூன்று வாரத்துக்கு முன்னாலேயே முடிந்த குறிப்பு.

"என்னட்ட இருக்கு" என்றேன்.

"அப்ப அவருட கையெழுத்தோட கொண்டு வாங்க. அவர் வாசிச்சு, சம்மதிச்சு, கையெழுத்து வைக்கணும். திங்கக்கிழமைக்குள்ள. அதுக்குப் பிறகு புது ஆள் சேர்க்கிறத மூடிருவோம்."

எனக்குத் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. நேரங்களை மட்டும் வேறு தாளில் பிரதி செய்து கொடுக்கலாம். பையையும், உப்பலையும், தலையைக் குனிந்ததையும் விட்டுவிடலாம். ஆனால் பிரதி செய்த தாள் நேற்று எழுதியதாகவும் இருக்கலாம். டொக்டரின் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் நினைப்பேன். மூல நோட்டுத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பதினொரு மணிக்கு அவருடைய லயத்துக்குப் போனேன். டீமேக்கர் லயத்துக்கு வருவது வழக்கமில்லை. அவருடைய மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போனார். நோட்டை ரோலர்க்காரர் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படிக்கிறவர். விரலை வரியின் கீழ் வைத்து, முதல் நாளிலிருந்து படித்தார்.

நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஐயா, இது நாந்தானுங்களா?"

"ஆமா."

"பை உப்பலா இருந்துச்சுன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"நான் தூள் எடுக்குறேன்னு நெனச்சீங்க."

"நெனச்சேன்."

"எத்தன நாளுங்க?"

"நாப்பத்தொரு நாள்."

அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"மொத நாளே பையத் தொறந்து பாத்திருக்கலாமேங்க. நானே தொறந்து காட்டியிருப்பேனே."

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

"பதினெட்டு வருசம் பாத்த மனுசன் மேலயா ஐயா?"

"நீ சும்மா இரு" என்றார் அவர். ஆனால் மனைவி கேட்டதை மறுக்கவில்லை.

அவர் மறுபடியும் படிக்கத் தொடங்கினார். கடைசி நாள் வரை படித்தார். அங்கே நான் எழுதியிருந்தது: "ரோ. 2. விசிறிக்குப் பக்கத்தில் தூங்குகிறான். பையில் துவாய். தூளில்லை." அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அன்னிக்கு விசிறி பாக்க வரலீங்க."

"இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதுங்க" என்றார். "பேனா குடுங்க."

கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். "ஏறினான்" என்று இருந்த முதல் வரியைக் காட்டி, "டொக்டரம்மா பாக்குறப்ப இது இப்படியே இருக்கணுமுங்களா?" என்று கேட்டார். மூலத்தில் கைவைக்கக்கூடாது என்று நான் விளக்கவேண்டியிருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வைத்தார். தேநீர் வந்தது. அவருடைய மனைவி அதை என் கையில் தரவில்லை, பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன்.

திங்கட்கிழமை நோட்டை டொக்டரிடம் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டேன். யார் படிப்பார்கள், எங்கே வைப்பார்கள், தோட்டத்துக்குத் தெரியுமா. பதிலை எழுத்தில் தரச்சொன்னேன். டொக்டர் சலிப்பில்லாமல் எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டி, என் ஆறு வருட எண்களைப் பார்த்தார்.

"இதையும் பிரதி எடுக்கலாமா? ஒவ்வொரு நாளும் எழுதினது எங்களுக்குக் கெடைக்கிறதே இல்ல."

"என் பதில நம்ப ஏலாதுன்னீங்களே."

"படிவத்துல எழுதினதத்தான். இத ஆருக்கும் காட்ட எழுதலயே நீங்க."

அதற்கும் கையெழுத்து வைத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான்.

ஐந்து பேரையும் மறுபடி அழைத்தார்கள். இம்முறை வாங்கு இல்லை. ஒவ்வொருவராக உள்ளே போக, கதவு சாத்தப்பட்டது. கேள்விகளும் வேறாம். நான் வெளியே படிக்கட்டில் நின்றேன். இரண்டாம் ரோலர்க்காரர் உள்ளே இருபத்தாறு நிமிடம் இருந்தார். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு, நோட்டைக் குழு ஏற்றுக்கொண்டதாகவும் அவரை மட்டும் சேர்த்துவிட்டதாகவும் கடிதம் வந்தது.

இப்போது அவர் இரண்டு காதுக்குப் பின்னாலும் அவரைக்கொட்டை அளவில் ஒன்றை மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறார். ரோலருக்குப் பக்கத்தில் போகும்போது கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, தோட்டம் புதிதாகத் தந்த காது மூடியைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. அவர் காதில் ஓடுவது சரிசெய்த சத்தமா, சாதாரணச் சத்தமா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. மாட்டிய நாலு நாளில் மாடிக்கு ஏறுவதை நிறுத்தினார். ஐந்தாம் வாரம் இரண்டு தடவை ஏறினார். பிறகு ஏறவில்லை. தூக்கம் எப்படி என்று அவர் டொக்டரிடம் மட்டும்தான் சொல்லவேண்டும். எங்களோடு பேசி ஒப்பிடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எனக்குக் கண் அந்தப் பக்கமே போகிறது. இரண்டு மணியானால் ரோலர் அறை வாசலுக்கு வந்து நிற்கிறேன். அவர் கொட்டாவி விடுகிறாரா, கண் சிவந்திருக்கிறதா, படிப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்க்கிறேன். சாதாரணச் சத்தத்தைத்தான் கொடுத்துவிட்டார்களோ என்று மனம் கணக்குப் போடுகிறது. எழுதவில்லை. நோட்டு டொக்டரிடமிருந்து திரும்பி வந்த பிறகு, அதன் பின்பக்கத்தில் ஒரு வரியும் எழுதியதில்லை. பார்ப்பதைத்தான் நிறுத்த முடியவில்லை.

போன புதன்கிழமை அவர் கையைத் துடைத்துக்கொண்டே நேராக என்னிடம் வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க அங்க நின்னு என்னயப் பாத்தீங்கன்னா எனக்குக் காதுல கூடுதுங்க."

ட்ரையர்க்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். நான் ஒபிஸுக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் துணிப்பையோடு வாசலைத் தாண்டி லயத்துப் பாதையில் இறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. கதிரையைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.